நேர்ந்துகொண்ட வாய்

செட்டிகுளம்,
21.1.2002

அத்தைக்கு மேகலா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் பழக்கம். இந்தத் தடவை கை வரவில்லை. நான் நலமில்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசலாம் என்றால், டீக்கடைப் போனை நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். நான்கு வருஷம் உங்களோடு இட்லி அவித்தவள், உங்களைத் தெரியாதா எனக்கு?

நடந்ததை ஒரு தடவை எழுதியே வைத்துவிடுகிறேன். கெண்டைக்காலில் ஒரு கட்டி வந்தது. முன்பு அக்குளில் வந்து போனதைப் போல இதுவும் ஒன்று. "பழுத்தா கீறி வுடணும், உள்ள வச்சிருந்தா எலும்புக்குப் போயிடும்" என்றீர்கள். மருந்துக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊசி போடுகிறவரிடம் கூட்டிப் போனீர்கள். அவர் கீறினார். நீங்கள் காலைப் பிடித்துக்கொண்டீர்கள். கொட்டைப்பாக்கு அளவு இருந்த கட்டி ஒரே வாரத்தில் உள்ளங்கை அளவுப் புண்ணாகிவிட்டது. ஓரமெல்லாம் கருநீலம். திரும்பப் போனோம், திரும்ப அறுத்தார், இன்னும் பெரிதானது. அப்புறம் நம் இட்லிக்கடைக்கு வருகிற ஆட்கள் மூக்கைச் சுளித்தார்கள். "ஆத்தா வூட்டுல போயி ஆத்திக்கிட்டு வா" என்று பையைக் கட்டிக் கையில் கொடுத்தீர்கள். சித்ராவை மட்டும் உங்கள் இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

என் பிள்ளைக்கு மூன்று வயதுதான் ஆகிறது. அவளுக்குத் தொத்திவிடும் என்று பயந்தீர்கள். சரி, பயம் யாருக்கும் வரும். ஆனால் உங்கள் மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்களே, சித்திரைத் திருவிழாவில் மாரியம்மனுக்கு நான் வாயலகு குத்தினால்தான் பிள்ளையை என்னிடம் விடுவீர்கள் என்று, அது எந்த ஊர் நியாயம்? ஒரு கன்னத்தில் கம்பியை விட்டு மறு கன்னத்தில் இழுக்க வேண்டும். நேர்ந்துகொண்டது உங்கள் வாய், குத்திக்கொள்வது மட்டும் என் வாயா?

அண்ணன் என்னைத் திருச்சியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். புண்ணிலிருந்து சீழை எடுத்து வளர வைத்துப் பார்த்தார்கள். ஒரு கிருமியும் வளரவில்லை. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் இல்லை. "இது தோல்ல வர்ற வீக்க வியாதிம்மா. யாருக்கும் தொத்தாது. ஆனா இதைக் கீறவே கூடாது. குத்துற எடமெல்லாம் புதுசாப் புண்ணு வரும்" என்றார். கடைசி வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

அதனால் அலகு குத்த மாட்டேன். பிள்ளையையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கால் ஊன்ற முடிந்த அன்றைக்கு வருவேன்.

மேகலா


ஆலத்தியூர்,
30.1.2002

மேகலாவுக்கு,

பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், மேல பாத்துக்க. நீ அதுகூடப் போடல. உன்னை மாதிரி அச்சடிச்ச தமிழ்ல எழுத எனக்கு வராது, பேசுற மாதிரிதான் வரும். எட்டாவதோட என்னை நிறுத்திட்டாங்க, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்.

நீ சொன்ன மாதிரி கிழிக்கல. அடுப்புல போடலாம்னு எடுத்துட்டுப் போனேன், சித்ரா "அம்மா காயிதம்"னு புடுங்கி வச்சிக்கிச்சு. அவ சௌக்கியமா இருக்கா. நல்லா திங்கறா. உன்னைக் கேக்கறா. கேக்காம இருப்பாளா?

அது என்னடி கிருமி இல்லாத சீழு? நெருப்பில்லாமப் பொகையுமா? உங்க அண்ணன்கிட்ட நல்லாக் காசு புடுங்க அந்த டாக்டரம்மா கதை கட்டியிருக்கா, நீயும் மண்டையை ஆட்டிட்டு வந்திருக்க. எங்க அம்மாவுக்கு முதுகுல ராஜகட்டி வந்து கீறித்தான் ஆறிச்சு. உங்க மாமா இருந்தப்ப அவருக்குத் தொடையில வந்துச்சு, கீறித்தான் ஆறிச்சு. ஊரு ஒலகத்துல இல்லாத ஒடம்பா உனக்கு மட்டும் வந்துடுச்சு?

காலைப் புடிச்சேன்னு எழுதியிருக்க. ஆமா, புடிச்சேன். நீ துள்ளுன துள்ளுக்கு வேற யாரு புடிப்பா?

வேண்டுதலை வெளையாட்டுன்னு நெனக்காத. ரெண்டாந்தடவை அறுத்த அன்னிக்கு நீ காய்ச்சல்ல நெனப்பில்லாம அனத்துன. எனக்குக் கை காலு ஓடல. கோயிலுக்கு ஓடிப்போயி, "ஆத்தா, இவ காலை வாங்கிடாத, சித்திரைக்கு இவளுக்கு வாயலகு போடறேன்"னு கத்துனேன். பூசாரி காசிநாதன் கேட்டாரு, ஊரே கேட்டுச்சு. காலு தப்பிச்சுதா இல்லியா? இப்ப வந்து மாட்டேன்னா? சாமிகிட்ட சொன்னதைச் செய்யலன்னா பெரியவங்க மேல வராதுடி, வூட்டுல எது சின்னதோ அது மேலதான் வரும். நம்ம வூட்டுல சின்னது யாருன்னு உனக்கே தெரியும். அதுக்குத்தான் புள்ளையை விடாமக் கட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு மட்டும் வேற வேலை இல்லன்னு நெனச்சியா?

கடை படுத்துடுச்சு. நீ போனதுல இருந்து மாவு பொங்க மாட்டேங்குது. குவாரியில வெடி வைக்கிற ஒருத்தன் நேத்து, "ஆத்தா, சிமெண்ட் ஆலைக்குக் கல்லு பத்தலியாம், ரெண்டு தட்டு இட்லி குடுங்க"ங்கறான். எடுத்து அடிச்சிருப்பேன்.

அலகு போட்டுட்டு வூட்டுக்கு வா.

சம்பூர்ணம்


செட்டிகுளம்,
9.2.2002

அத்தைக்கு,

பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். இனி அந்தக் குறை வேண்டாம்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று நானும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஒன்று சொன்னார். "வூட்டைக் காக்கத்தான நாய் வளக்கறோம்? கள்ளன் வந்தா அது கடிக்கணும். உன் வூட்டு நாய் கள்ளன் வராமலே வூட்டு ஆளைக் கடிக்குது. ஊசி குத்துனா, கத்தி பட்டா, கள்ளன்தான் வந்துட்டான்னு இன்னும் வெறியாப் பாயுது. கள்ளனைத் தேடி மருந்து குடுத்து என்ன ஆகப்போவுது? நாயை அடக்கத்தான் மருந்து" என்றார். இது எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும், நீங்கள் புரியாதவர் இல்லை.

மருந்து வேலை செய்கிறது. காலையில் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. புண்ணின் ஓரத்தில் கருநீலம் போய்ப் புதுத் தோல் தலைகாட்டுகிறது. கத்தியே படவில்லை. ஆனால் அதே மருந்தால் முகம் பூசணிக்காய் போல ஊதியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், காசா பணமா?

இங்கே வெங்காய அறுவடை. சேமித்து வைக்கிற பட்டறையில் அடைக்கும் முன் வெங்காயத் தாள் கிள்ள ஆள் வேண்டும் என்றார்கள். காலை நீட்டிக்கொண்டே நானும் உட்கார்ந்து கிள்ளுகிறேன். பக்கத்தில் மருதாயி என்று ஒருத்தி. என் கால் கட்டைப் பார்த்துவிட்டு, "வலிக்குதா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பிறகு என் தூக்குவாளியிலிருந்தே கஞ்சியை ஊற்றிக் குடித்தாள். அன்றைக்கு நான் அழுதேன். உங்கள் கடையில் நான் ஊற்றிய சாம்பாரைத் தொடாமல் எழுந்து போனார்களே, அப்போது அழாதவள் இதற்கு அழுதேன்.

அவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. எனக்குத் தெரியும். லாரிக்காரன் பொண்டாட்டி, உடம்பெல்லாம் புண், எய்ட்ஸாகத்தான் இருக்கும் என்று ஆலை கேட்டில் பேசியிருக்கிறார்கள். உங்கள் மகன் மாதத்தில் பாதி நாள் சிமெண்ட் மூட்டையோடு ரோட்டில் இருக்கிறார், அதை வைத்து ஜோடித்துவிட்டார்கள். ரத்தம் பார்த்தாயிற்று, எனக்கு அது இல்லை. அதற்காக அந்தச் சீட்டைக் கடை வாசலில் ஒட்டி நல்ல பேர் வாங்க மாட்டேன். அந்த வியாதியே இருந்திருந்தாலும் சித்ரா என் பிள்ளைதான், நான் அந்த வீட்டு மருமகள்தான்.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். சித்ரா வயிற்றில் இருந்தபோது நர்சம்மா கையில் ஊசி போட்டார். ஊருக்கெல்லாம் போட்ட ஊசிதான். எனக்கு மட்டும் அந்த இடம் கொப்புளித்துச் சீழ் வைத்தது. நீங்கள்தான் மஞ்சள் பற்றுப் போட்டீர்கள். அதன் பிறகு காலில் பிளேடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்துச் சண்டை போடுங்கள். மருந்துச் சீட்டில் இருக்கிற விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மேகலா


ஆலத்தியூர்,
20.2.2002

மேகலா,

அந்த நாய்க் கதையைப் படிச்சேன். வூட்டு நாய் வூட்டு ஆளைக் கடிக்குதாம். யாரைச் சொல்ற? நான் என்ன அவ்வளவு புரியாதவளா?

எய்ட்ஸுன்னு சொன்னது யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன். லாரிக்குத் தார்ப்பாய் கட்டுற வைரக்கண்ணுதான். வருஷக்கணக்கா என் கையால தின்ன பய. நேத்து காலையில கடையில கூட்டம் நெறஞ்சு நிக்கும்போது அவன் எலையை அப்படியே இழுத்து வெளிய போட்டேன். "என் மவன் ரோட்டுல போறான், ஆனா ஒன்னை மாதிரி மொற கெட்டுப் போகல. என் மருமவளைச் சொன்ன நாக்கு இனிமே என் சட்டினியைத் தொடக் கூடாது"ன்னுட்டேன். பாதிப் பேரு காசு வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். போகட்டும், மயிராச்சு.

இதையெல்லாம் உனக்காகச் செஞ்சேன்னு நெனச்சுக்காத. என் வூட்டைப் பத்திப் பேசுனான், அதனால செஞ்சேன்.

அதுக்கும் அலகுக்கும் சம்பந்தம் கெடையாது. பங்குனி கடைசியில காப்புக் கட்டறாங்க. வாயலகு போடறவங்க பேரு சொல்லியாச்சு, உன் பேரும் சொல்லியாச்சு. காசிநாதன்கிட்ட சொல்லிச் சின்ன அலகாப் போடச் சொல்றேன், தைக்கிற ஊசி கனம்தான் இருக்கும். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டா முடிஞ்சு போச்சு. திருநீறு வச்சா ஆறிடும், ஒரு சொட்டு ரத்தம் வராது. அத்தனை பேரு போடறாங்க, யாருக்கு என்ன ஆச்சு?

வீரமணியை அனுப்பறேன். புருஷனோட கெளம்பி வா.

சம்பூர்ணம்


செட்டிகுளம்,
6.3.2002

அத்தைக்கு,

உங்கள் மகன் வந்தார். லாரியை மெயின் ரோட்டில் ஆலத்தூர் கேட்டில் நிறுத்திவிட்டு பஸ் பிடித்து வந்தார். என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டதை மறைக்கத் தெரியவில்லை, பாவம். "அம்மா சொல்றதும் சரியாத்தான் இருக்கு, நீ சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்றார். ரெண்டும் சரியாக இருக்க முடியாதுங்க, ஒன்று சொல்லுங்கள் என்றேன். தண்ணீர் குடித்தார். வெங்காயம் ஒரு மூட்டை தூக்கிக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு போனார். உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

தைக்கிற ஊசி கனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நர்சம்மா போட்ட ஊசி அதைவிடச் சின்னது.

அத்தை, கோபப்படாமல் கேளுங்கள். காலில் புண் வந்தால் துணியைக் கட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்யலாம். கன்னத்தில் அந்தப் புண் வந்தால் வாய் என்று ஒன்று எனக்கு இருக்காது. சாப்பிட முடியாது. சித்ராவைக் கூப்பிட முடியாது. கன்னம் ரெண்டும் அழுகித் திறந்து கிடக்கும். மறுபடி கீறலாம் என்று ஒருவர் வருவார், காலைப் பிடிக்க நீங்கள் இருப்பீர்கள். சாமி பயம் இல்லாதவள் என்று ஊர் என்னைச் சொல்லட்டும். எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை. அந்தக் கம்பி மேல்தான் பயம். பயந்தவள் குனிந்துதான் போக வேண்டும் என்று யார் சொன்னது? நான் நிமிர்ந்துதான் மாட்டேன் என்கிறேன்.

வைரக்கண்ணுவின் இலையை இழுத்துப் போட்டதை மருதாயியிடம் படித்துக் காட்டினேன். "அப்படிப்பட்ட மாமியாளா? எனக்கு வாச்சது வாயில்லாத பூச்சி" என்று பெருமூச்சு விட்டாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை விஷயத்தில் அந்தப் பெருமையைக் கணக்கில் வைக்க மாட்டேன்.

கம்பு ஊன்றாமல் நடக்கிறேன். திருவிழா அன்றைக்கு வருவேன். அலகு குத்துகிற இடத்துக்கு வர மாட்டேன். வீட்டுக்கு வந்து, ஊர் பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். முடிந்தால் தடுங்கள்.

மேகலா


ஆலத்தியூர்,
8.4.2002

மேகலாவுக்கு,

ஒரு மாசமா எழுதல. கோவத்துல இல்ல. முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு எழுதலாம்னு இருந்தேன்.

அரியலூர் மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடவே சேத்துட்டாங்களாம், பேப்பர்ல போட்டிருக்குன்னு ஆலை கிளார்க் படிச்சுச் சொன்னாரு. போன வருஷந்தான் பிரிச்சாங்க, இந்த வருஷம் சேத்துட்டாங்க. கவர்மெண்டுக்கே ரோசம் அவ்வளவுதான், நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் எதுக்கு இவ்வளவு ரோசம்னு ஒரு நேரம் தோணுச்சு. அப்பறம் உன் கடைசிக் கடுதாசியை எடுத்துப் படிச்சேன், மறுபடி கோவம் வந்துடுச்சு. தடுங்கங்கற! என்னை யாருன்னு நெனச்ச?

கடையைச் சாத்திட்டு திருச்சிக்குப் போனேன். வீரமணிகிட்டக்கூடச் சொல்லல. அந்த டாக்டரம்மாவை நாலு வார்த்தை கேக்கணும்னுதான் போனேன். எங்க வூட்டுப் பொண்ணுக்குச் சாமி குத்தம் வர மாதிரி சொல்லிக் குடுத்திருக்கியேன்னு ஆரம்பிச்சேன். சின்னப் பொண்ணுடி அது. கோவமே படல. உக்காருங்கம்மான்னுச்சு. "நீங்க அவளைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க, நீங்களே சொல்லுங்க, இதுக்கு முன்னாடி ஒடம்புல எங்கயாவது குத்துன எடம் இப்படி ஆயிருக்கா?"ன்னு கேட்டுச்சு. நீ எழுதுன ஊசியைச் சொன்னேன். வேறன்னு கேட்டுச்சு.

அப்பத்தான் எனக்கு மூக்கு நெனப்பு வந்துச்சு.

நீ மறந்துட்ட. நான் மறக்கல. கல்யாணமாகி வந்தப்ப உனக்கு மூக்கு குத்தல. எங்க வூட்டு மருமவ மூளி மூக்கோட நிக்கக் கூடாதுன்னு நாந்தான் ஆசாரியைக் கூப்புட்டேன். குத்துனதுல இருந்து சீழு. ரெண்டு மாசம் ஆறல. கடைசியில மூக்குத்தியைக் கழட்டி ஓட்டை தானா மூட விட்டோம். உனக்குத் தழும்பு இன்னும் இருக்குது. அந்த ஆசாரி துருப்புடிச்ச ஊசியால குத்திட்டான்னு அவனைத் தெருவுல நிக்க வச்சுக் கேட்டேன். அவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனான், புது ஊசிதாங்க ஆத்தான்னு. நான் கேக்கல.

மூக்கு, கை, காலு. மூணும் குத்துனதுதான். மூணையும் கிட்ட இருந்து பாத்தவ நாந்தான். டாக்டரம்மா முன்னாடி வாயடைச்சு உக்காந்திருந்தேன். எனக்கு வாயடைச்சுப் போச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாத.

அதனால உனக்கு அலகு கெடையாது. பேரை எடுத்துட்டேன். ஆனா வேண்டுதலை எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியல. காசிநாதன் சண்டைக்கு வரான், "சாமிகிட்ட சொல்லிட்டு இல்லன்னா நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்னைக் கேக்கக் கூடாது"ங்கறான். சித்ராவுக்கு ரெண்டு நாளா சளி. சாதாரண சளிதான். இருந்தாலும் ராத்திரியில தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறேன். எனக்குப் பயமா இருக்குடி. நீ படிச்சவ, பயமில்லன்னு சொல்லிடுவ. நான் என்ன செய்ய?

திருவிழாவுக்கு மட்டும் வராத. நீ வந்து நின்னா எல்லாரும் உன்னைச் சுத்திக்குவாங்க. உன்னை அப்படி நிக்க வச்சு நான் பாக்க முடியாது.

சம்பூர்ணம்


செட்டிகுளம்,
15.4.2002

அத்தைக்கு,

மூக்கை நான் மறந்தே போனேன். கண்ணாடியில் தினம் பார்க்கிற தழும்பு. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தடவிப் பார்த்தேன்.

சித்ரா நெஞ்சில் கொஞ்சம் தைலம் தேய்த்து, வெந்நீர் கொடுங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அவள் சளிக்கும் சாமிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். போன வருஷம் இதே மாதம் அவளுக்குச் சளி பிடித்தது, அப்போது எந்த வேண்டுதலும் பாக்கி இல்லை.

பயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் இருக்கிறது. ஆனால் பிள்ளையை நோகடிக்கிற சாமியை நான் கும்பிட்டதில்லை, நீங்களும் கும்பிட்டதில்லை. வேண்டுமானால் இங்கிருந்தே மாவிளக்கு இடித்து, வெல்லம் போட்டு அனுப்புகிறேன். என் கையால் பிசைந்த மாவு. யாருக்கு அருவருப்போ அவர்கள் சாப்பிட வேண்டாம்.

வராதே என்றால் திருவிழாவுக்கு வரவில்லை. நீங்கள் கேட்டதற்காக, காசிநாதனுக்காக இல்லை. ஆனால் திருவிழா முடிந்த மறுவாரம் என் பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும்.

மேகலா


ஆலத்தியூர்,
29.4.2002

மேகலா,

போட்டாச்சு.

வெள்ளிக்கிழமை காலையில குளிச்சு, மஞ்சப் பொடவை கட்டி வரிசையில போயி நின்னேன். காசிநாதன் அலகைக் கையில வச்சிக்கிட்டு, "உங்க மருமவ எங்க ஆத்தா?"ன்னு கேட்டான். இவளுக்குப் போடறேன்னு அன்னிக்கு இங்க நின்னு கத்துனது யாருன்னு கேட்டேன். நீங்கதான்னான். "நேந்துக்கிட்டது இந்த வாய்தான? அப்ப குத்தறதும் இந்த வாய்லயே குத்து. அவ வாய் ஒண்ணும் சொல்லல, அதைத் தொடாத"ன்னேன். அப்படி வழக்கமில்லன்னான். "சாமி அடுத்தவங்க வாயைக் கேட்டுச்சா? நாந்தான் குடுக்கறேன்னு சொன்னேன், ஊரான் சொத்தை எழுதி வைக்கிற மாதிரி. இப்ப என் சொத்தைக் குடுக்கறேன், வாங்கிக்கச் சொல்லு"ன்னேன். பம்பைக்காரன் அடிக்கிறதை நிறுத்திட்டான். வைரக்கண்ணுவும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டான். காசிநாதன் வேப்பெலையை என் வாய்ல வச்சு ஏத்திட்டான். இந்தக் கன்னத்துல போயி அந்தக் கன்னத்துல வந்துச்சு. நான் ஒரு சத்தம் போடல. போட முடிஞ்சாத்தான போடறதுக்கு.

குவாரி வாசல் வரைக்கும் போயித் திரும்புனோம். சித்ரா வீரமணி தோள் மேல உக்காந்து, "அப்பாயி வாய்ல கம்பி"ன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டு வந்தா. சளி எல்லாம் போயிடுச்சு அவளுக்கு. நீ அனுப்புன மாவிளக்கை ஆத்தாவுக்குக் காட்டிட்டு எல்லாருக்கும் குடுத்தேன். யாரு மாவுன்னு சொல்லியே குடுத்தேன். ரெண்டு பேரு வாங்கல. மத்தவங்க தின்னாங்க. மிச்சத்தை உன் புருஷன் தின்னான்.

இப்ப நான் சொல்ல வந்தது இதில்ல.

அலகை எடுத்துத் திருநீறு வச்சாங்க. இன்னிக்கு நாலாம் நாளு. காலையில கண்ணாடியில பாத்தேன். ரெண்டு கன்னத்துலயும் மொளகு மாதிரி ஒரு பொட்டு, காஞ்சு போச்சு. அவ்வளவுதான். அறுவது வயசுக் கெழவி கன்னம், மூணு நாள்ல மூடிக்கிச்சு. இதே ஓட்டையைத்தான உனக்குப் போட இருந்தேன். உனக்கு இன்னிக்கு என்ன ஆயிருக்கும்? கண்ணாடி முன்னாடியே உக்காந்துட்டேன்டி. அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல.

காசிநாதன் எட்டு நாளைக்கு வாயைத் திறந்து சத்தம் போடக் கூடாதுன்னிருக்கான். மென்னா வலிக்குது, பேசுனா இழுக்குது. கடைக்கு வரவங்க எல்லாம் கேலி பண்றானுங்க, "ஆத்தா கடையில இவ்வளவு அமைதியா இட்லி தின்னதில்ல"ங்கறானுங்க. ஒருத்தன் ரெண்டு தடவை சட்டினி வாங்கிட்டு ஒரு தடவைக்குத்தான் காசு குடுத்தான், கையைக் காட்டிக் காட்டிப் பாத்தேன், புரியாத மாதிரி போயிட்டான்.

எனக்குப் பதிலாக் கத்த ஆள் வேணும். மாவும் பொங்கல.

சம்பூர்ணம்


செட்டிகுளம்,
2.5.2002

அத்தை,

பிள்ளையார் சுழி போட நேரமில்லை. மருதாயி என் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வரும், நானே கொண்டு வருகிறேன், கையில் வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பின்வாசல் வழியாக வர மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி, ஆலை கேட்டு வழியாக, லாரி வரிசைக்கு முன்னாலேயே நடந்து வருவேன். முகம் இன்னும் பூசணிக்காய்தான். கால் கட்டு சேலைக்கு வெளியே தெரியும். முழுசாக ஆறவில்லை, இன்னொரு இடத்தில் வரவும் வரலாம், வராது என்று டாக்டரம்மா சத்தியம் செய்யவில்லை. வந்தால் யாரும் அதைத் தொடக் கூடாது, கீறக் கூடாது. கடையில் உள்ளே மறைந்து மாவு அரைக்க மாட்டேன். முன்னால் நின்று என் கையால் பரிமாறுவேன். சாப்பிடுகிறவன் சாப்பிடட்டும். ரெண்டாம் தடவைச் சட்டினிக்குக் காசு தராமல் போனானே, அவன் முகத்தை மட்டும் எனக்கு அடையாளம் காட்டுங்கள்.

சித்ரா அன்றைக்கு முதல் என் பக்கத்தில்தான் படுப்பாள். அந்தப் பக்கம் வேண்டுமானால் நீங்கள் படுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். முழுசாக இருக்கிறது. அது எப்படி முழுசாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும் அத்தை.

எட்டு நாள் வாய் திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு ஏழு நாள் ஆயிற்று, நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. நான் சொல்வதை எதிர்த்துப் பேசாமல் நீங்கள் கேட்கிற நாள் என் வாழ்க்கையில் இந்த ஒன்றுதான் கிடைக்கும். அதை விடுவேனா? முதல் பஸ்ஸுக்கே வருகிறேன்.

மேகலா